மூவாயிரத்துக்குக் கீழே

ஃபெர்ண்டேல், மிச்சிகன்
மே 11

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தபோது என் பழைய செவ்ரோலெட் நோவா காரின் எஞ்சின் ஸ்டாண்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பாதி வேலையில் எழுத மனம் வரவில்லை. இப்போது ஓடுகிறது. நேற்று மாலையோடு 700 மைல் முடிந்தது. அதனால்தான் இந்தத் தாமதம், மன்னித்துக்கொள்.

அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பேப்பர் படிக்கத் தொடங்கிவிட்டார்களா? பட்டறையை உன் மகன் பார்த்துக்கொள்வது அதைவிடப் பெரிய செய்தி. சிலிண்டர் கடையும் போரிங் மிஷினை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நீ நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய் என்று நான் நினைத்ததே இல்லை. இங்கே எல்லோரும் நலம். மகள் கல்லூரியில் முதலாண்டு முடித்துவிட்டு அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறாள்.

இனி நோவா. 1972 மாடல், 350 கன அங்குல வி-8. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை வேலைக்குப் போவதும் கடைக்குப் போவதும் இதில்தான். சாலையில் உப்புக் கொட்டத் தொடங்கினால் கராஜில் ஏற்றிவிடுவேன். மிச்சிகன் உப்பு ஐந்து குளிர்காலத்தில் ஒரு காரைத் தின்றுவிடும். அந்த நான்கு மாதங்கள்தான் எனக்கு வேலை செய்யக் கிடைக்கும் நேரம்.

நான்கு வருடங்களுக்கு முன் நான் மாற்றிய, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் உனக்கு நினைவிருக்கும். வேகம் வேண்டும் என்று 0.050 அங்குலத் தூக்கலில் 236 டிகிரி வரை வால்வை நெடுநேரம் திறந்து வைக்கும் கேமை வாங்கிப் போட்டேன். அது தவறான தேர்வு, முழுக்க என் தவறு. பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே வரும் இன்டேக் வால்வு அவ்வளவு தாமதமாக மூடினால், குறைந்த சுற்றில் பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போய்விடும். இந்த எஞ்சினுக்குக் கம்பெனி கொடுத்த அழுத்த விகிதமே, அதாவது கலவையைச் சுருக்கும் மடங்கே, 8.5தான். அதிலும் இப்படிக் கசிந்தால் என்ன மிஞ்சும்? நிமிடத்துக்கு 3,500 சுற்றைத் தாண்டினால் பாய்ந்தது. அதற்குக் கீழே சோர்ந்து கிடந்தது. எஞ்சின் உள்ளிழுக்கும்போது உண்டாகும் வெற்றிடம்தான் பிரேக்குக்கு உதவி; அது பாதரச அளவில் 9 அங்குலத்தைத் தாண்டவில்லை, அதனால் பவர் பிரேக் மிதி கல்லாக இருந்தது. சிக்னலில் நின்றால் கார் முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும், கால் வலிக்க அழுத்திப் பிடிக்க வேண்டும்.

பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பின் அச்சு விகிதம் 3.08, டயரின் உயரம் 26 அங்குலம், மூன்றாவது கியர் நேர் விகிதம். மணிக்கு 65 மைலில் எஞ்சின் ஏறத்தாழ 2,600 சுற்றில் ஓடுகிறது. ஊருக்குள் 1,500 முதல் 2,200 வரை. நான் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி 3,000 சுற்றுக்குக் கீழேயே கழிகிறது. 6,000 சுற்றில் கிடைக்கும் குதிரைத் திறனை நான் மாதத்துக்கு ஒருமுறைகூடத் தொடுவதில்லை. தினமும் ஓட்டும் காருக்கு வேகம் என்றால் மிதியைத் தொட்டதும் வரும் இழுவை. இந்த முறை எல்லாவற்றையும் அதைச் சுற்றியே தேர்ந்தெடுத்தேன்.

டிசம்பரில் எஞ்சினை இறக்கினேன். பிளாக்கின் பின்விளிம்பில் 3970010 என்ற வார்ப்பு எண். ஆயிரக்கணக்கான கார்களிலும் வேன்களிலும் போன, நல்ல இரும்பு. உன் லாரி எஞ்சின்களில் இருப்பது போன்ற லைனர், அதாவது மாற்றக்கூடிய சிலிண்டர் குழாய், இதில் கிடையாது. சிலிண்டரை பிளாக்கிலேயே கடைந்திருப்பார்கள். அதனால் ஒவ்வொரு போரிங்கும் சொத்திலிருந்து எடுத்துச் செலவழிப்பது போல. 0.030 அங்குலம் மட்டும் பெரிதாக்கச் சொன்னேன். சிலிண்டரின் அகலம் (போர்) 4.030 அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 3.48, மொத்தம் 355 கன அங்குலம். கிராங்கை மாற்றி 383 கன அங்குலம் ஆக்கலாம் என்று இங்கே பலரும் சொன்னார்கள். நல்ல யோசனைதான், ஆனால் என் கிராங்கின் ஜர்னல்கள், அதாவது பேரிங்கில் சுழலும் பகுதிகள், புதிது போல இருந்தன. அவற்றைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

பணத்தை, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் போட்டேன். 1996 முதல் 2000 வரை பிக்கப்புகளிலும் வேன்களிலும் வந்த வார்ப்பிரும்பு வோர்டெக் ஹெட்டுகள். கலவை எரியும் அறை 64 சிசி, இன்டேக் வழி பெரிதல்ல, சுமார் 170 சிசி. சிறிய வழி என்பதால்தான் குறைந்த சுற்றிலும் காற்று வேகமாகப் போகிறது, கலவை நன்றாகக் கலக்கிறது.

இவற்றுக்கு ஒரு பலவீனம் உண்டு: சூடேறிப் போன எஞ்சினிலிருந்து வந்தால் விரிசல் இருக்கும். முதலில் வாங்கிய ஜோடியைக் கழுவிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. கடைசல் பட்டறைக்காரர் காந்தத்தை வைத்து இரும்புத் துகளைத் தூவினார், பிறகு மெதுவாக ஊதினார். தூள் எல்லாம் பறந்துவிட்டது, ஒரே இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. எக்ஸாஸ்ட் வால்வு சீட்டிலிருந்து இன்டேக் சீட்டை நோக்கி, தலைமுடி போல ஒரு கோடு. விரலால் தடவினால் தட்டுப்படவே இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் மஞ்சள் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தள்ளி வைத்துவிட்டார். இரண்டாவது ஜோடி தேட ஐந்து வாரம் ஆயிற்று.

நீ கேட்ட அழுத்த விகிதக் கணக்கு இதோ. ஒரு சிலிண்டர் 727 சிசி. மேலே மிஞ்சும் இடம்: ஹெட் 64, பிஸ்டன் குழி 12, கேஸ்கெட் 8.4, பிஸ்டனுக்கு மேல் பிளாக்கில் விட்ட இடம் 1. கூட்டினால் 85.4. இதை 727ஓடு கூட்டி, 85.4ஆல் வகுத்தால் விகிதம் 9.5. தட்டைப் பிஸ்டன் போட்டிருந்தால் 10ஐத் தாண்டியிருக்கும். இரும்பு ஹெட்டுக்கும் ஆகஸ்ட் வெயிலில் நெரிசலில் நிற்பதற்கும் அது எனக்கு வேண்டாம். D எழுத்தைப் போன்ற குழியுள்ள பிஸ்டனைத்தான் தேடி வாங்கினேன். குழி அறைக்கு நேராக வரும், மீதித் தட்டைப் பகுதி ஹெட்டின் தட்டைப் பகுதிக்கு 0.044 அங்குலம் நெருக்கத்தில் வரும். அந்த இடுக்கில் சிக்கும் கலவை பிதுங்கி பிளக்கை நோக்கிப் பாய்கிறது. எரிதல் விரைவாக முடிகிறது, கலவை தானாக வெடிக்கும் தட்டல் வருவதில்லை. வட்டக்குழிப் பிஸ்டன் விலை குறைவு, ஆனால் இந்த நன்மை அதில் கிடைக்காது. அறை விரைவாக எரிக்கிறது என்பதால் இக்னிஷனும் மொத்தம் 32 டிகிரி முன்னே வைத்தாலே போதுமாக இருக்கிறது.

பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை எட்டு சிலிண்டருக்கும் நானே பார்த்தேன். ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து ஒரு அங்குலம் கீழே நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜ் தகடு விட்டு அளந்தேன். 0.018 அங்குலம் வேண்டும், புதிதில் 0.014, 0.015 என்றுதான் இருந்தன. சின்ன அரத்தில் ஒரு முனையை மட்டும் நான்கு இழுப்பு, துடைப்பு, மறுபடி உள்ளே, மறுபடி அளவு. ஐந்தாவது சிலிண்டருக்கு ஒரு இழுப்பு அதிகமாகி 0.021 ஆகிவிட்டது. ஓடும்தான், ஆனாலும் மனம் கேட்கவில்லை. அந்த ஒரு ரிங்கைத் திரும்ப வாங்கினேன். அந்த இரண்டு இரவுகள்தான் இந்தக் குளிர்காலத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை. வெளியே பனி, உள்ளே ஒரு ஹீட்டர், அரத்தின் சத்தம்.

கேம் இப்போது சிறியது: இன்டேக் 218, எக்ஸாஸ்ட் 224, மையங்களுக்கிடையே 112 டிகிரி. வால்வுத் தூக்கலை 0.460 அங்குலத்துக்குள் நிறுத்தினேன், அதற்கு மேல் போனால் வோர்டெக் ஹெட்டில் வால்வு ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ரிடெய்னர், வால்வு நகரும் கைடின் தலையில் போய் இடிக்கும். கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் லிஃப்டர்களில் உருளை இருக்கும் ரோலர் கேம் போடத்தான் ஆசை. ஆனால் 1972 பிளாக்கில் கம்பெனி ரோலருக்கான ஏற்பாடு கிடையாது, தனியாக வாங்கும் லிஃப்டர்களின் விலைக்கு இன்னொரு ஜோடி ஹெட் வாங்கிவிடலாம். கலவையை ஹெட்டுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டும் புதிது, வோர்டெக்குக்கு போல்ட் துளைகளின் கோணமே வேறு. கார்புரேட்டரை மட்டும் மாற்றவில்லை. பழைய குவாட்ராஜெட்டை இடைத்தட்டு வைத்துப் பொருத்தினேன். முன்னிரண்டு வாய் சிறியவை, பின்னிரண்டு பெரியவை. தினசரி ஓட்டத்துக்கு அந்தச் சின்ன வாய்கள் கொடுக்கும் சீரான பதிலுக்கு ஈடில்லை. மக்கள் இதைக் கழற்றி எறிவதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

முதல் முறை உயிர் கொடுக்கும் முன், பழைய டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றின் பல்சக்கரத்தை எடுத்துவிட்டு உள்ளே இறக்கி, டிரில் மிஷினால் ஆயில் பம்பைச் சுற்றினேன். அரை நிமிடத்தில் டிரில் சட்டென்று கனத்தது. பிறகு ஒவ்வொரு புஷ்ராடின் நுனியிலிருந்தும் எண்ணெய் ஊற்று போலப் பொங்கி ராக்கரில் வழிந்தது. பதினாறாவதற்கு மட்டும் வரவில்லை. கிராங்கைக் கையால் கால் சுற்றுத் திருப்பி மறுபடி சுற்றியதும் அதிலும் வந்துவிட்டது. துத்தநாகம் சேர்த்த எண்ணெய் விட்டு, பிளக் வயர்களை 1-8-4-3-6-5-7-2 வரிசையில் இரண்டு முறை சரிபார்த்து, சாவியைத் திருப்பினேன். இரண்டாவது திருப்பலில் பிடித்தது. ஐடிலுக்கு விடாமல் 2,000க்கும் 2,500க்கும் இடையில் இருபது நிமிடம். புது கேமின் முகடுகள் லிஃப்டரோடு பழகுவது அந்த இருபது நிமிடத்தில்தான்; அதில் தவறினால் முகடு தேய்ந்து தூளாகிவிடும். மனைவி கையில் தீயணைப்பானோடு கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

இப்போது ஐடிலில் வெற்றிடம் 17 அங்குலம். பிரேக் மிருதுவாகிவிட்டது. உட்வர்ட் அவென்யூவிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறும் சரிவில் முன்பு கியரைக் கீழே இறக்கித்தான் லாரிகளுக்கு நடுவே நுழைவேன். இப்போது கியர் மாறாமலே, மிதியில் பாதி அழுத்தினாலே ஏறி விடுகிறது. முதல் நாள் அந்தச் சரிவில் மூன்று முறை சுற்றி வந்தேன்.

நீ கேட்டிருந்தாய், இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் 1997க்குப் பிறகு வந்த, அதே கம்பெனியின் புதிய வி-8 ஆன எல்.எஸ். எஞ்சினையே வாங்கிப் போட்டால் என்ன என்று. நியாயமான கேள்வி. அது இதைவிட நல்ல எஞ்சின், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஹெட் சிறந்தது, எரிபொருள் மிச்சம், குளிரில் உடனே பிடிக்கும். ஆனால் செவ்ரோலெட்டின் தலைமைப் பொறியாளர் எட் கோலின் குழு 1955 மாடலுக்குக் கொண்டுவந்த 265 கன அங்குல எஞ்சினில் சிலிண்டர்களுக்கு இடையே வைத்த 4.4 அங்குல இடைவெளிதான் எல்.எஸ்.ஸிலும் இருக்கிறது. அந்த முதல் வரைபடத்தில் எவ்வளவு இடம் விட்டு வைத்தார்கள் என்பதைத் தொட்டுப் பார்த்துப் புரிந்துகொள்ள எனக்கு இந்த இரும்பு வேண்டும். ஃபிளிண்ட் நகரம் என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்தான். இந்த வகை எஞ்சின்கள் அங்கே லட்சக்கணக்கில் உருவாயின. அங்கே வேலை செய்த பெரியவர்கள் இன்னும் பெட்ரோல் பங்கில் பானட்டைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, 1971ல் 270 குதிரைத்திறன் என்று எழுதியிருந்த எஞ்சினை 1972ல் 200 என்று எழுதினார்களே, என்ன ஆயிற்று என்று உன் மகன் கேட்டானாம். பெரும்பாலும் அளக்கும் முறைதான் மாறியது. அதற்கு முன் ஃபேன், ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவுமில்லாமல் மேஜையில் வைத்து அளந்தார்கள். 1972 முதல் காரில் இருக்கிறபடி எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். அழுத்தத்தைக் குறைத்தது அதற்கு முந்தைய வருடமே நடந்துவிட்டது. அவனிடம் சொல், சரியான இடத்தில் சந்தேகப்பட்டிருக்கிறான்.

பாக்கி இருக்கும் வேலை ஒன்றுதான். வோர்டெக் ஹெட்டில் எக்ஸாஸ்ட் சூடு மேனிஃபோல்டுக்குப் போகும் வழி கிடையாது, அதனால் காலைக் குளிரில் முதல் ஐந்து நிமிடம் தடுமாறுகிறது. மின்சார சோக் மாற்றிவிட்டால் சரியாகும் என்று நினைக்கிறேன். நவம்பருக்குள் செய்துவிட வேண்டும்.

ஆகஸ்டில் உன் மகளைப் பார்க்க கனடாவின் விண்ட்சருக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். பாலத்தைத் தாண்டினால் அரை மணி நேரத்தில் என் வீடு. மூன்றாவது சனிக்கிழமையையும் சேர்த்து டிக்கெட் போடு. அன்று உட்வர்ட் முழுக்கப் பழைய கார்கள் ஓடும். உப்பு தின்னாத ஒரு கதவு, வலது பக்கம், உனக்காகத் திறந்திருக்கும்.

விரிசல் விட்ட ஹெட்டை எறியவில்லை. அந்த இரண்டு சீட்டுகளும் வரும்படி குறுக்கே அறுத்து வைத்திருக்கிறேன். தண்ணீர் ஓடும் வழியின் சுவர் அந்த இடத்தில் எவ்வளவு மெல்லியது என்று நீ பார்க்க வேண்டும். வரும்போது உன் பழைய மைக்ரோமீட்டரைக் கொண்டு வா.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்