அந்தப் படத்தை நான் எடுக்கவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. குற்றாலத்தில் இன்னும் தண்ணீர் விழவில்லை.

ஜூலையில் ஆபீஸ் நண்பர்கள் எட்டுப் பேரோடு பெருவுக்குப் போய், மச்சு பிச்சுவுக்குப் போகும் சல்கந்தாய் மலைப்பாதையில் நடக்கப்போகிறாயாம். அம்மா சொன்னாள். என்னிடம் நேரே சொல்லாததற்குக் காரணம் தெரியும். அப்பா ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். சரி, நீ நினைத்தது சரிதான். ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்.

முதலில் ஒரு பொய்யைக் கழித்துவிடுகிறேன். நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படம் இருக்கிறதே, நான் போன அதே சல்கந்தாய்ப் பயணத்தில், கணவாயின் உச்சியில் பெயர்ப்பலகைக்கு முன்னால் பத்துப் பேர் தோளில் கை போட்டு நிற்பது. "பதினொரு பேர்னு சொன்னீங்க, நீங்க எங்கப்பா?" என்று வீடியோ காலில் கேட்டாய். "படம் எடுத்ததே நான்தானே" என்றேன். அதை எடுத்தது வழிகாட்டி. அந்த நேரத்தில் நான் ஒரு குதிரையின் முதுகில், எதிர்த்திசையில், கீழே இறங்கிக்கொண்டிருந்தேன்.

நேற்று அம்மாவிடம் இதைச் சொன்னேன். "தெரியும்" என்றாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். நாங்கள் போன கம்பெனியின் திட்டத்தில், பயணம் தொடங்கும் கஸ்கோ நகரில் ஒரே ஓர் இரவுதான். கஸ்கோ 3,400 மீட்டர். தமிழ்நாட்டிலேயே உயரமான நம் தொட்டபெட்டா 2,637. அதன் தலைமேல் இன்னும் எழுநூற்றுச் சொச்சம் மீட்டரை ஏற்றி வைத்த உயரத்தில், கடற்கரை ஊரான லிமாவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம் கொண்டுபோய் இறக்கிவிட்டது. மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு வேன் வந்துவிட்டது. திட்டத்தைப் பார்த்தபோதே, உயரத்துக்கு உடம்பு பழக நாள் போதாதே என்று எனக்கு உறுத்தியது. ஆனால் நாள் குறைந்தால் செலவு குறையும் என்று வாக்கிங் நண்பர்கள் நான்கு பேரும் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். ஆகவே கம்பெனியை மட்டும் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

மொய்யபாத்தா என்ற சின்ன ஊரில் காலைச் சாப்பாடு. அங்கேதான் வழிகாட்டி எங்களுக்குக் கொஞ்சம் கெச்சுவா சொல்லிக்கொடுத்தார். அந்த மலைகளை ஒருகாலத்தில் ஆண்ட இங்காக்களுக்கும் முன்பிருந்தே அங்கே புழங்கும் மொழி அது. 'வாசி' என்றால் வீடு. 'வாசிய்' என் வீடு. 'வாசிய்குனாபி' என் வீடுகளில். நம்மைப் போலவே ஒட்டு ஒட்டாகப் போட்டுக்கொண்டே போகிறார்கள். முப்பது வருஷம் வேற்றுமை உருபு நடத்திய வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் என்னை எழுந்து நிற்கவைத்தது வேறொன்று. அவர்களிடம் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'ஞொகஞ்சிஸ்'. அவரை விட்டுவிட்டுச் சொன்னால் 'ஞொகைக்கு'. ஆங்கிலத்தில் இதை விளக்க அந்த மனிதர் திண்டாடினார். நான் மட்டும் உடனே புரிந்துகொண்டு தலையாட்ட, என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். போதாக்குறைக்கு அவர்கள் சொல்லின் முதல் எழுத்து நம்முடைய ஞ. இங்கே அந்த எழுத்துக்கு ஞாயிறும் ஞாபகமும் விட்டால் வேலையே இல்லை.

அன்று மதியம் சொரைபம்பா போய்ச் சேர்ந்தோம். 3,900 மீட்டர். அங்கிருந்து ஹுமந்தாய் ஏரிக்கு இன்னொரு முந்நூறு மீட்டர் ஏறி இறங்கினோம். பாசிப்பச்சை நிறத்தில் தண்ணீர், அதன் தலைக்குமேல் பனி தொங்கிக்கொண்டிருந்தது. ஏரியைப் பார்த்தபோதே தலைக்குள் யாரோ திருகாணி முறுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

சாயங்காலம் சாப்பாட்டுக் கூடாரத்தில் வழிகாட்டி பல்ஸ் ஆக்சிமீட்டரோடு வந்தார். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அதேதான். இங்கே 94 வந்தால் பதறுவோம். அந்த உயரத்தில் 85 வந்தால் சிரிக்கிறார்கள். என் முறை வருவதற்குள் நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கினேன். மேஜைக்குக் கீழே குனிந்து ஷூ கயிறு கட்டுவதுபோல் ஐந்தாறு தடவை ஆழமாக மூச்சு இழுத்து விட்டேன். அப்படிச் செய்தால் எண் கொஞ்ச நேரத்துக்கு ஏறும். 84 காட்டியது. "தலைவலி உண்டா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். சூப்பை மட்டும் தொடவில்லை. அதில் போட்ட கீன்வா தானியம் பிடிக்காது என்று சொல்லிவைத்தேன். உண்மையில் அது நம் தினைக் கஞ்சி மாதிரி எனக்குப் பிடித்த சாப்பாடு.

இராத்திரி ஒரு மணிக்குக் கூடாரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். காலால் மண்ணைத் தள்ளி மூடினேன், பூனை மாதிரி. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பியபோது வானத்தைப் பார்த்தேன். பால்வீதியில் நட்சத்திரத்தைத் தேடாதே, நடுவிலிருக்கும் கருப்பைப் பார் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். இங்காக்கள் அந்தக் கருப்புத் திட்டுகளுக்குத்தான் பெயர் வைத்தார்கள். கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு யாமா, அந்த மலைகளில் சுமை தூக்கும் ஒட்டக ஜாதி விலங்கு, நிற்கிறது. அதன் கண்கள் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள், ஆல்பா செண்டாரியும் பீட்டா செண்டாரியும். குளிரில் பல் கிடுகிடுக்க, வாயில் புளிப்போடு, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பயணத்தில் நான் பார்த்ததிலேயே பெரிய காட்சி அதுதான். அதையும் காலையில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. இராத்திரி ஒரு மணிக்கு வெளியே எதற்குப் போனாய் என்று கேட்பார்களே.

மறுநாள் கணவாய்க்கு முன்னால் 'ஏழு பாம்புகள்' என்று ஒரு ஏற்றம் உண்டு. வளைந்து வளைந்து போகும். எத்தனையாவது பாம்பு என்று தெரியவில்லை, உட்கார்ந்துவிட்டேன். வழிகாட்டி வந்தார். கைத்தடியால் தரையில் ஒரு கோடு கிழித்தார். ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து அதன்மேல் நடக்கச் சொன்னார். இரண்டாவது அடியிலேயே பக்கவாட்டில் சாய்ந்தேன். அவர் முகம் மாறியது. தலைவலியும் வாந்தியும் அந்த உயரத்தில் பலருக்கும் வருவது. நடை தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அதற்கு முதல் மருந்து, உடனே இறங்குவது. குதிரையில் மேலே ஏறிக் கணவாயைத் தாண்டிவிடுகிறேனே என்று நான் பேரம்கூடப் பேசிப் பார்த்தேன். அவர் பதிலே சொல்லவில்லை.

குதிரை வரவேண்டும், உதவி வழிகாட்டிப் பெண் பின்னாலிருந்து வந்து சேர வேண்டும். பத்துப் பேரும் அந்தக் காற்றில் ஒரு மணி நேரத்துக்குமேல் நின்றார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அந்தப் பெண்ணுக்கு உன்னைவிட வயது குறைவு. குதிரையை அருகில் நிறுத்திவிட்டு, "ஹாக்கு, தைத்தாய்" என்றாள். 'ஹாக்கு' என்றால் போகலாம், வா; கேட்பவரையும் சேர்த்துத்தான். 'தைத்தாய்' என்றால் என்ன என்று யோசி. 'என் அப்பா'. வயதான ஆண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். தாய் என்று காதில் விழுகிற சொல் அப்பாவுக்கு! தலை வெடித்துக்கொண்டிருந்தபோதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

குதிரைக்காரர் கன்னத்தில் கொக்கா இலையை அடக்கிக்கொண்டு நடந்தார். நடுநடுவே சாம்பல் கட்டி ஒன்றைக் கடித்துச் சேர்த்துக்கொண்டார், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு மாதிரி. எனக்கும் நீட்டினார், வாங்கவில்லை. மொய்யபாத்தாவுக்கு வேனில் இறங்கியதும் தலைவலி பாதியாகிவிட்டது. அங்கிருந்து ஒயான்டைடாம்போ. 2,800 மீட்டர். அங்கே இரண்டு இரவு நன்றாகத் தூங்கினேன். பிறகு ரயிலேறி, மச்சு பிச்சுவின் அடிவாரத்து ஊரான ஆகுவாஸ் கலியெந்தேஸ் போய், ஊர் எல்லையில் தண்டவாளத்தின் ஓரமாக நின்றேன். பாதையில் வருகிறவர்கள் ஹிட்ரோஎலெக்ட்ரிகா ரயில் நிலையத்திலிருந்து தண்டவாளத்தை ஒட்டியே நடந்து வருவார்கள்.

வந்தார்கள். ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார். எங்கள் குழுவிலேயே மூத்தவரான அந்த அம்மாள்.

இதைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். குழுவாகப் போகும்போது வழிகாட்டி முன்னால், உதவியாள் கடைசி ஆளுக்குப் பின்னால். அந்த உதவியாளை நான் என்னோடு கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டேன். கணவாய்க்கு அப்புறம், அன்றிரவு தங்கும் சவுல்யாய் வரைக்கும் ஒரே நாளில் ஏறக்குறைய 1,700 மீட்டர் இறக்கம். கடைசியாக வந்த அந்த அம்மாளுக்குப் பின்னால் யாருமில்லை. கல்லில் கால் பிசகி, இருட்டில் தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறார். முந்தின சாயங்காலமே நீங்கள் வாயைத் திறந்திருந்தால் உங்களை அப்போதே ஒரு வேனில் கீழே அனுப்பியிருப்பேன், உதவியாள் விடிவதற்குள் திரும்பியிருப்பாள் என்று வழிகாட்டி சொன்னார். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மச்சு பிச்சுவை எல்லோரும் பார்த்துவிட்டார்கள், எல்லோரிடமும் படம் இருக்கிறது. நன்றாகத்தான் இருந்தது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இரண்டாம் வருஷம் உனக்கு டெங்கு வந்ததே. நான்கு நாளாகப் போனில் "சும்மா சளிப்பா" என்றே சொன்னாய். ஐந்தாம் நாள் வார்டன் கூப்பிட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்ற அந்த நல்ல குணம் எங்கிருந்து வந்தது என்று அப்போது உன் அம்மா என்னைத்தான் முறைத்தாள். அது மூக்கு மாதிரி, சுருட்டை முடி மாதிரி, என்னிடமிருந்து வந்தது. சொரைபம்பாவில் உனக்குத் தலை வலித்தால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். உள்ளங்கையைத் தேய்க்காதே. உன் எட்டுப் பேரிடமும் முதல் நாளே சொல்லி வை: தினம் இரவு சாப்பிடும்போது ஒவ்வொருவரும் தலைவலி, வாந்தி, தூக்கம் மூன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வலிக்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டும். நீதான் முதலில் சொல்ல வேண்டும்.

மற்றபடி சில்லறை விஷயங்கள். நீ ராட்டர்டாமில் கடல்மட்டத்துக்குக் கீழே குடியிருக்கிறவள். கஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காமல் நேராக ஒயான்டைடாம்போவுக்குக் காரில் போய் இரண்டு இரவு தூங்கு, அப்புறம் கஸ்கோவுக்கு ஏறி வா. மூவாயிரம் மீட்டருக்குமேல் தூங்குமிடம் ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்குமேல் ஏறக்கூடாது என்பது கணக்கு. பகலில் எவ்வளவு ஏறினாலும் இரவு எங்கே படுக்கிறாய் என்பதுதான் பேச்சு. உயரத்தால் வரும் தலைவலி, வாந்தியைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றி ராட்டர்டாமிலேயே ஒரு டாக்டரிடம் கேள், சல்பா ஒவ்வாமை உண்டா என்று அவர் கேட்பார். அது விரலை மரத்துப்போக வைக்கும், ராத்திரி அடிக்கடி எழுப்பும்.

கொக்கா டீ குடி, முன்யா டீயும் குடி. பின்னது நம் புதினா மாதிரி, எனக்கு அதுதான் பிடித்தது. கொக்கா இலை அங்கே சட்டப்படி சரி, விமான நிலையத்திலேயே கிடைக்கும். ஒரு இலைகூடப் பையில் தங்காமல் பார்த்துக்கொள். கொக்கேன் எடுக்கிற இலை அது, எல்லை தாண்டினால் வேறு விஷயம்.

அந்த ஊர்ப் பணமான சோலில் சின்னச் சின்ன நோட்டும் நாணயமும் நிறைய வைத்துக்கொள். கழிப்பறைக்குக் காசு, வெந்நீருக்குக் காசு. சமையல்காரருக்கும் கோவேறு கழுதைக்காரருக்கும் கடைசி இரவில் எல்லோரும் சேர்ந்து கொடுப்பது வழக்கம். யார் எவ்வளவு என்று அங்கே வைத்துப் பேசாமல் முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். சொரைபம்பாவில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே பருப்பு சாதம் கனவு காணாதே. உருளைக்கிழங்கு சாப்பிடு, அது பிறந்த ஊர் அந்த மலைதான், கருநீலத்தில்கூட இருக்கும்.

மச்சு பிச்சுவுக்குப் போகும் இன்னொரு பாதையான இங்கா பாதைக்கு இப்போது முயற்சி செய்யாதே. கூலியாட்களையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஐந்நூறு பேருக்குத்தான் அனுமதி, ஜூலைக்கு எப்போதோ தீர்ந்திருக்கும். சல்கந்தாயே போதும்.

பயணத் திட்டம் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்பு. எந்த இரவு எந்த ஊரில், அது எத்தனை மீட்டர், இரண்டை மட்டும் பார்க்கிறேன். வேறெதிலும் மூக்கை நுழைக்க மாட்டேன்.

கழுதைமேல் ஆளுக்கு ஏழு கிலோதான் ஏற்றுவார்கள். அம்மா உனக்கு நார்த்தங்காய் ஊறுகாய் போட ஆரம்பித்துவிட்டாள். பாட்டிலே ஒரு கிலோ வரும் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை.

அன்புடன்,
அப்பா