அலைக்கற்றைக்கு எங்கே பற்றாக்குறை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இதழில், "கிராமங்களில் இணையம் மெதுவாக இருப்பதற்கு அலைக்கற்றைப் பற்றாக்குறையே காரணம்" என்று எழுதியிருந்தீர்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிற வாக்கியம் இது. நான் நெடுங்காலமாக வாங்கிப் படிக்கும் பத்திரிகையும் அதை அப்படியே அச்சிட்டதுதான் மனதை வருத்துகிறது.

பாலிடெக்னிக்கில் தொலைத்தொடர்புப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. மாணவர்களோடு அலைக்கற்றை அளக்கும் கருவியை மொட்டைமாடியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். தொலைக்காட்சிக்கான 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரை, திரையில் இரைச்சலைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அதே வீட்டில் வங்கியின் குறுஞ்செய்தி வர வேண்டுமானால் கைபேசியோடு தெருமுனைக்கு நடக்க வேண்டும். மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் நாடு முழுவதற்கும் கணக்கிட்டு, இந்த வரம்பில் பெரும்பகுதி காலியாகக் கிடக்கிறது என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள். மகாராஷ்டிரத்தின் பால்கர் பகுதிக் கிராமங்களில் அதன் வழியாக இணையம் கொடுத்தும் காட்டினார்கள்.

உரிமம் பெற்றவர் பயன்படுத்தாத அலைவரிசையைக் கண்டறிந்து பயன்படுத்திக்கொள்வதும், அவர் வந்ததும் விலகிவிடுவதும்தான் காக்னிட்டிவ் ரேடியோ. அமெரிக்கப் பொறியாளர் ஜோசப் மிட்டோலா இதை முன்வைத்தது 1999இல். கிராமங்களை மனதில் வைத்தே, காலியான தொலைக்காட்சி அலைவரிசைகளில் இணையம் தருவதற்கான 802.22 என்ற தொழில்நுட்பத் தரநிலை 2011இல் வந்தது. உரிமம் பெற்றவரின் சமிக்ஞையை 2 விநாடிக்குள் கண்டுபிடித்தாக வேண்டும் என்பது அதன் விதி. அமெரிக்காவில் கடற்படை ரேடார் இயங்கும் 3550–3700 மெகாஹெர்ட்ஸைப் பொதுமக்களுக்கான சேவையும் பகிர்ந்துகொள்கிறது.

இப்படிப் பகிர்ந்தால் சேவைத் தரம் கெடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்குள் எத்தனை பேரின் உழைப்பு அடங்கியிருக்கிறது, ஐயா! அலைவரிசை காலியா என்று கவனிக்கும் நேரமெல்லாம் தரவு அனுப்பும் நேரத்திலிருந்து குறைகிறது. கவனிப்பைக் குறைத்தால் உரிமம் பெற்றவருக்கு இடையூறு. அதனால்தான் எவ்வளவு நேரம் கவனிப்பது, யாருக்கு முதலில் இடம் கொடுப்பது, எந்த அலைவரிசையை மாற்றாகக் கையில் வைத்திருப்பது என்று பொறியாளர்கள் இத்தனை ஆண்டுகளாகக் கணக்குப் போடுகிறார்கள். மின்னஞ்சல் சற்றுக் காத்திருக்கும். மருத்துவரோடு பேசும் காணொலி காத்திருக்காது. இதையெல்லாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான்.

தரத்தைப் பற்றி அவ்வளவு கவலை இருந்தால், அழைப்பு துண்டிக்கப்பட்டால் 1 ரூபாய், நாளொன்றுக்கு அதிகபட்சம் 3 ரூபாய் இழப்பீடு என்று 2015இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட விதியை நிறுவனங்கள் ஏன் எதிர்த்தன? 2016இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்போதே உங்களுக்கு எழுதினேன், வெளியாகவில்லை. கிராமங்களுக்கு மிகவும் ஏற்ற 700 மெகாஹெர்ட்ஸை 2016 ஏலத்திலும் 2021 ஏலத்திலும் யாரும் எடுக்கவில்லை. விலை அதிகம் என்றார்கள். கேட்பாரின்றிக் கிடந்ததற்குப் பற்றாக்குறை என்று பெயரா? பயன்படுத்தாத அலைக்கற்றையைத் திரும்பப் பெற 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை.

அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில் ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள். நான்கு வரி போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விரிவுரையாளர்,
தேனி மாவட்டம்.