அந்த ரப்பர் படகில் வந்த நாலு பேருக்கு

அண்ணன்மாரே, வணக்கம். உங்கள் பெயர் ஒன்றுகூடத் தெரியாததால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 19 காலை, தூத்துக்குடி மாவட்டம் ஏரலுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தெருவுக்குள் தீயணைப்புப் படகோடு வந்தீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் 800 பேரோடு நிற்கிறது என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, தாமிரபரணி வீட்டுக்குள் இருந்தது, அவ்வளவுதான் அன்றைக்குத் தெரிந்த செய்தி.

வெள்ளத்தோடு வந்த வாழை மரங்கள் தெரு முழுக்க அடைத்துக் கிடந்தன. வாழைநார் சுற்றி மோட்டார் நின்றதும் உங்களில் ஒருவர் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, கையாலேயே மரத்தை விலக்கி விலக்கிப் படகை இழுத்து வந்தார். இன்னொருவர் எங்கள் ஜன்னல் கம்பிக்கும் எதிர்வீட்டுத் தூணுக்கும் கயிறு கட்டினார். இத்தனையும் ஆன பிறகு அம்மா வர மாட்டேன் என்றுவிட்டாள்! ரேஷன் கார்டும் பத்திரமும் இருந்த மஞ்சப்பை பரணில் இருக்கிறது, அது இல்லாமல் நகர மாட்டாளாம். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. மீசை வைத்த அண்ணன் மட்டும், "ஆச்சி, பையை நான் எடுத்தாறேன், நீங்க என் கழுத்தைப் பிடிச்சுக்கோங்க" என்று சொல்லி, சொன்னபடி இரண்டையும் தூக்கி வந்தார். தன் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி அம்மாவுக்குப் போட்டதையும் பார்த்தேன். அது விதிப்படி சரியா என்று நான் கேட்கப் போவதில்லை.

ஊர்க்காவல் படைத் தம்பி ஒருவரும் கூட இருந்தார். மாதத்தில் சில நாள்தான் டூட்டி, படியும் அந்த நாட்களுக்குத்தான் என்று அப்புறம் ஒருவர் சொன்னார். அவர் வீட்டிலும் அன்றைக்குத் தண்ணீர் புகுந்திருக்குமோ என்னவோ.

ஒவ்வொரு செப்டம்பர் 15-க்கும், அண்ணா பிறந்த நாளையொட்டி, காவல், தீயணைப்பு, சிறைத்துறை, ஊர்க்காவல் படையினருக்கு அண்ணா பதக்கம் அறிவிக்கிறார்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15-க்கு டெல்லியிலிருந்து குடியரசுத் தலைவர் பதக்கப் பட்டியல் வருகிறது, அதில் தீயணைப்புக்குத் தனி, ஊர்க்காவல் படைக்கும் குடிமைப் பாதுகாப்புக்கும் தனி. முன்பெல்லாம் இந்தச் செய்தி வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். இப்போது ஒரு பெயர் விடாமல் படிக்கிறேன். படித்து என்ன, எது உங்கள் பெயர் என்று எனக்கு எப்படித் தெரியும்? போட்டோ இருந்தால் மீசையைத் தேடுகிறேன். கிடைத்திருந்தால் வாழ்த்துகள். கிடைக்காவிட்டால், கொடுக்கிற கமிட்டியில் எங்கள் தெருக்காரர் யாரும் இல்லை என்றுதான் அர்த்தம்.

வெள்ளம் வடிந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு கிலோ மஸ்கோத் அல்வாவோடு தீயணைப்பு ஸ்டேஷனுக்குப் போனேன். அன்றைக்கு வந்தது வேறு மாவட்டத்து டீம், எந்த ஊர் என்று சட்டெனச் சொல்ல முடியவில்லை என்றார்கள். அல்வாவை அங்கே இருந்தவர்களிடமே கொடுத்துவிட்டேன், அவர்களும் யார் வீட்டுக்கோ போனவர்கள்தானே.

இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் கட்டிய நைலான் கயிறு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது, அம்மா அதில்தான் துணி காயப்போடுகிறாள். "கவருமெண்டுக் கயிறாச்சே, திருப்பிக் கேப்பாங்களோ?" என்று அவ்வப்போது என்னைக் கேட்கிறாள்.