காத்திருப்போர் பட்டியலும் வெளியே தெரியட்டும்

ஆசிரியருக்கு, வணக்கம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்குக் கட்டணமின்றி ஒதுக்கப்படும் 25 சதவீத இடங்களுக்கான குலுக்கல் பற்றிய செய்தியைப் படித்தேன். குலுக்கல் பெற்றோர் முன்னிலையில் நடக்கிறது, சரி. அதற்குப் பிறகு நடப்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை. ஒரே குழந்தைக்கு இரண்டு பள்ளிகளில் சீட்டு விழுந்தால் ஒன்று காலியாகும். அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் யாருக்குப் போயிற்று என்று எங்கே பார்ப்பது?

என் மகள் பெயர் எல்கேஜி சேர்க்கையில் காத்திருப்போரில் மூன்றாவதாக இருந்தது. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாள் மழையில் நனைந்து எண்களே அழிந்துவிட்டன. நான்கு முறை போனேன். காவலாளியைத் தாண்ட முடியவில்லை. எத்தனை நாள் காத்திருப்பது? கடைசியில் வேறு பள்ளியில் கடன் வாங்கிப் பணம் கட்டினோம். அப்புறம் வந்தது போன்: "சீட்டு இருக்கிறது, வருகிறீர்களா?" கட்டிய பணம் திரும்ப வரவில்லை.

விண்ணப்பம் இணையத்தில்தானே வாங்குகிறார்கள்? காத்திருப்போர் வரிசை நகர்வதையும் பள்ளி வாரியாக அதே தளத்தில் அன்றன்றே வெளியிட்டு, பெற்றோருக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பக் கல்வித்துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு தாய், சென்னை