இருபத்து நான்கு கத்தரி நாற்றுகள்

வெள்ளவத்தை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள பவானி,

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், சுகம் விசாரிப்பதைப் பிறகு பார்க்கலாம். நீ ஈரச்சாக்கில் சுற்றித் தந்த இருபத்து நான்கு கத்தரி நாற்றுகளும் செத்துப்போய்விட்டன. "பூத்து நிற்கிறது" என்று தொலைபேசியில் சொன்னது பொய். உனக்கு அனுப்பிய படம் பக்கத்து ஒழுங்கையில் யாரோ ஒருவர் வீட்டு மதிலுக்கு மேலால் எடுத்தது. அதன் பிறகு நீ அழைத்தபோதெல்லாம் நான் குளித்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக ஒருத்தி இவ்வளவு குளிப்பாளா என்று உனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

நாங்கள் சுகம். சின்னவனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. மூத்தண்ணிக்குக் கண் சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. இப்போது போகிற வீடெல்லாம் தூசி தெரிகிறதாம்.

இனி நாற்றுக் கதை. இரவு பஸ்ஸில் வந்து இறங்கிய களைப்பில் தூங்கிவிட்டு, பதினொரு மணி வெயிலில் நட்டேன். "பொழுதுபட வை" என்று நீ மூன்று தரம் சொன்னாய். மறுபடியும் சொன்னதைக் கேட்காத அதே கமலாதான் என்று தலையில் அடித்துக்கொள்கிறாயா? இன்னும் இருக்கிறது. சீக்கிரம் வளரட்டும் என்று அடியில் யூரியாவும் போட்டேன். வரும் வழியிலேயே மயிர்வேர் அறுந்து, தண்ணீர் உறிஞ்சத் திராணி இல்லாமல் கிடந்த நாற்றுக்கு உப்பை ஊட்டியிருக்கிறேன். நான்காம் நாள் எஞ்சியவை ஐந்து. இரண்டை இரவில் ஆபிரிக்க நத்தை தின்றது. உள்ளங்கை அளவு நத்தை, அவசரமே இல்லாமல் தின்றது.

மிச்சம் மூன்றும் ஒரு மாதம் நன்றாக வளர்ந்தன. அப்போதுதான் "பூத்து நிற்கிறது" என்றேன், முழுப் பொய்யும் இல்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம் இலை பச்சையாகவே தொங்கியது, மறுநாள் காலையிலும் எழும்பவில்லை. மேல்மாடி ஐயா விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தண்டைச் சரிவாக வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நுனி மட்டும் படும்படி பிடித்தார். இரண்டு மூன்று நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போல ஒரு நூல் இறங்கியது. ஊதுபத்திப் புகையைத் தலைகீழாகப் பார்ப்பதுபோல இருந்தது. பக்டீரியா வாடல். அந்த மண்ணில் வருடக்கணக்காக இருக்குமாம். கத்தரி, தக்காளி, மிளகாய் எதையும் அங்கே வைக்கக்கூடாது. இப்போது அந்த மூலையில் பயற்றங்காய் படர்கிறது.

நான் விடவில்லை. கடையில் விதைப் பைக்கற்றைக் கையில் எடுத்தால் "திருநெல்வேலி ஊதா" என்று எழுதியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் உன் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்து ஊரின் பெயரைக் கொழும்புக் காலி வீதியில் காசு கொடுத்து வாங்கினேன். யோகட் கோப்பைகளின் அடியில் சூடான ஆணியால் துளையிட்டு, தும்புத்தூளும் கூட்டெருவும் கலந்து விதைத்தேன். ஐந்தாம் கிழமை ஆளுக்கு ஐந்து இலை. அதற்குப் பிறகுதான் நான் முன்பு செய்யாத வேலை: முதல் நாள் ஒரு மணித்தியாலம் காலை வெயில், அடுத்த நாள் இரண்டு, இப்படிப் பத்து நாள் கூட்டிக்கொண்டே போய், தண்ணீரையும் குறைத்தேன். ஐயாவின் திணைக்களப் பேச்சில் இதற்கு வன்மைப்படுத்தல் என்று பெயர். எங்கள் விடுதி மேற்பார்வையாளர் நம்மை வைத்துச் செய்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்.

உன் நாட்காட்டி இங்கே சரிவராது பவானி. நீர்வேலியில் ஐப்பசி மழையைப் பார்த்து நடுகிறாய். இங்கே வைகாசியிலும் ஒரு மழை வந்து பாத்தியைக் கழுவிக்கொண்டு போகிறது. அது போனால் கடற்காற்று. இலையோரமெல்லாம் உப்புப் பட்டுக் கடுதாசிபோலக் கருகிவிடும். மேற்குப் பக்கம் தென்னோலைத் தட்டி கட்டி, முன்மதிலோரம் மண்ணை அரை அடி உயர்த்திப் பாத்தி போட்டேன்.

நட்டது ஒரு மப்பான நாள், மாலை ஐந்தரைக்கு. நாலு மணிக்கே கோப்பைகளுக்குத் தண்ணீர் விட்டிருந்தேன். தண்டை இரு விரலுக்கு நடுவில் விட்டுக் கவிழ்த்து அடியில் தட்டினால், குழலிலிருந்து பிட்டு விழுவதுபோல மண்ணும் வேரும் ஒன்றாகக் கைக்கு வந்தன. சுற்றிலும் வெள்ளை வேர், தலைமயிரைவிட மெல்லியது. கோப்பையில் இருந்த அதே ஆழம், இரண்டடி இடைவெளி. கூடவே வைத்த தக்காளியை மட்டும் கீழிலை வரை புதைத்தேன், அதற்குத் தண்டிலும் வேர் விடும். மூன்று நாள் வாழைத்தடல் கூடாரம். முதல் நாள் மத்தியானம் எல்லாம் சோர்ந்து விழுந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொழுதுபட ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஆறாம் நாள் நடுவில் ஒரு புது இலை, அடியில் ஊதா படிந்து, எறும்பின் தலையளவு. பதினெட்டில் பதினேழு நிற்கின்றன. ஒன்று எதிர்வீட்டுப் பையனின் பந்துக்குப் போயிற்று. படம் வைத்திருக்கிறேன், இந்த முறை என் செருப்பும் தெரிகிற மாதிரி எடுத்தேன்.

நீ தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டாயாமே. மூத்தண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். 2021 இல் மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி நவம்பரில் திறக்கும் வரை, மாட்டெருவுக்கு ஊர் ஊராக அலைந்தும் விடாதவள் நீ. முழங்கால் இவ்வளவு மோசமா? அன்று நாற்றைச் சுற்றும்போது "இனி நாற்றுமேடை போடுவேனோ தெரியாது" என்றாய். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சிரித்தேன். அந்த இருபத்து நான்கும் உன் கடைசி மேடையிலிருந்து பிடுங்கியவையா? ஆமென்றால் எனக்குச் சொல்லாதே.

சின்னவன் வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் அங்கே வருகிறான். இரண்டாவது முறை விதைத்ததில் நான்கு கோப்பை அவன் கையில் வரும், வெயிலுக்குப் பழக்கியவை. குசினிப் படியில் இருந்தபடியே கை எட்டுகிற இடமாகப் பார்த்து அவனைக் கொண்டு குழி தோண்டுவி. நீ குனியாதே. அவன் காலையில் வந்து இறங்கியதும் வைக்கத் துடிப்பான், என் பிள்ளைதானே. பொழுதுபடும் வரை கோப்பைகளை நிழலில் ஒளித்துவை.

வைத்ததும் படம் அனுப்பு. யார் வீட்டு மதில் என்று நான் உற்றுப் பார்ப்பேன்.

உன்,
கமலா