கடலில் இருப்பவரின் சிம்மை வேறு கைக்குக் கொடுத்துவிடாதீர்கள்

குமரி மாவட்டத்தில் சிம் விற்கும், மாற்றிக் கொடுக்கும் கடைக்கார அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நகத்தளவு இருக்கும் அந்தச் சிம்முக்குள் ஒரு சின்னக் கணினியே ஓடுகிறது. 128 பிட் நீளமுள்ள ரகசியச் சாவி ஒன்று அதில் பதிந்திருக்கும். அதே சாவி கம்பெனியின் சர்வரிலும் இருக்கும். போன் டவரோடு சேரும்போது நெட்வொர்க் ஏதோ ஓர் எண்ணை அனுப்பும். கார்டு அதைச் சாவியோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, விடையை மட்டும் திருப்பி அனுப்பும். விடை ஒத்துப்போனால்தான் சேவை. சாவி கார்டைவிட்டு வெளியே வருவதே இல்லை, போனுக்கும் தெரியாது. 2ஜியில் நெட்வொர்க் மட்டுமே கார்டைச் சோதிக்கும், அதனால் போலி டவர் ஏமாற்ற முடிந்தது. 3ஜி முதல் கார்டும் நெட்வொர்க்கைச் சோதிக்கிறது.

இந்தப் பூட்டை உடைக்கத் திருடன் மெனக்கெடுவதில்லை. உங்கள் மேஜைக்கு வந்து "சிம் தொலைஞ்சு போச்சு, டூப்ளிகேட் வேணும்" என்று கேட்கிறான். டூப்ளிகேட் என்கிறோமே தவிர அது நகல் இல்லை. புதுக் கார்டில் இருப்பது புதுச் சாவி. நம்பரை அதோடு இணைத்ததும் பழைய கார்டு செத்துவிடும், வங்கி ஓடிபி எல்லாம் புதுக் கார்டுக்கே போகும். இ-சிம்முக்குத் தனிக் கார்டு கிடையாது, கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் சிம் போனுக்குள்ளேயே இறங்கிவிடும். அதற்கும் இதே கவனம் வேண்டும்.

சிம் மாற்றியதும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தப்படும். 2024 ஜூலை 1 முதல், மாற்றிய 7 நாளுக்குள் வேறு கம்பெனிக்குப் போர்ட் செய்யவும் முடியாது. சொந்தக்காரர் சிக்னல் போனதைக் கண்டு விழித்துக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம் இது. நம் கடற்கரையில் இந்த அவகாசம் பலிக்காது. தூத்தூர், வள்ளவிளையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர் வாரக்கணக்கில் சிக்னலே இல்லாமல் இருப்பார். அவருக்கு 'நோ சர்வீஸ்' அன்றாடக் காட்சி. கம்பெனி அனுப்பும் எச்சரிக்கையும் அவரை எட்டாது. கரை திரும்பும்போது கணக்கு காலியாகியிருக்கும்.

ஆகவே பழைய நம்பருக்குக் கூப்பிட்டு, 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வந்தால் சிம் தொலைந்ததற்கு அதையே சாட்சியாக எடுக்காதீர்கள். நம்பர் யார் பெயரில் இருக்கிறதோ அவர் நேரில் வந்து, படமும் கைரேகையும் பொருந்தினால் மட்டும் மாற்றுங்கள். மனைவி, மகன், தரகர் யார் வந்தாலும் அவர் கரை சேரட்டும் என்று சொல்லிவிடுங்கள். வாடிக்கை போய்விடுமே என்று தயங்க வேண்டாம். கைரேகை ஒருமுறை விழுந்த பிறகு, "சரியா விழல" என்று இன்னொரு முறை வைக்கச் சொல்லி வேறு சிம் எடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதை அடியோடு விடுங்கள்.

சிம் பின் (PIN) என்ற ரகசிய எண்ணையும் போட்டுக் கொடுங்கள். திருட்டுப் போனிலிருந்து கார்டை உருவி வேறு போனில் போட்டாலும் அது கேட்கும். மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும், திறக்க 8 இலக்கப் பக் எண் வேண்டும். அதையும் 10 முறை தவறினால் கார்டு நிரந்தரமாகப் போய்விடும். கார்டை உடைத்தெடுக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் பக் அச்சிட்டிருந்தால் அதைக் குப்பையில் போடாமல் வீட்டில் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுங்கள். போன் அணைந்து எழும்போது பின் போடாதவரை அழைப்பு வராது என்று வயதானவர்களுக்கு இரண்டு தடவை சொல்லுங்கள்.

நம்பர் வேறு கைக்குப் போய்விட்டது என்று யாராவது பதறி ஓடிவந்தால், முதலில் கம்பெனியில் நம்பரை முடக்க வையுங்கள், அடுத்து வங்கிக்குச் சொல்ல வையுங்கள், உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் கூப்பிட வையுங்கள்.