பழைய பேருக்கு ஒரு பக்கம்

பத்தாங் பெர்ஜுந்தை
(சரி, பெஸ்தாரி ஜெயா), மலேசியா

அன்பு நெட்டையா,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மழை, காய்ச்சல் என்று ஏதாவது காரணம் எழுதலாம், நீ நம்பமாட்டாய். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, அதற்குத்தான் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "சம்பளம் இல்லாமல் ராத்திரி ஒரு மணி வரைக்கும் கணினி முன்னால் என்னதான் செய்கிறாய்? உன் வீட்டுக்காரி என் வீட்டுக்காரியிடம் புலம்புகிறாளாமே" என்று கேட்டிருந்தாய். புலம்பல் உண்மைதான். ஆனால் ஒரு மணி என்பது பொய், பன்னிரண்டரைக்கே படுத்துவிடுகிறேன். செய்வது, ஒரு மென்பொருளின் விளக்க ஆவணத்தைப் படிப்பதும் திருத்துவதும்தான்.

முதலில் ஊர்ச் சேதி. நாம் பள்ளி விட்டு வரும்போது ஐஸ் கச்சாங் தின்ற ஒட்டுக்கடை இப்போது கைப்பேசிக் கடை. சின்னவள் இங்கேயே யூனிசெல் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எனக்கு முழங்கால் வலி, உனக்கு இருக்கிற அதே இடத்தில்தான். போதும்.

நான் செம்பனைக் குலை வாங்கும் நிலையத்தில் தராசுக் கணக்கு பார்ப்பது உனக்குத் தெரியும். லாரியைக் குலையோடு ஒரு தரம் நிறுக்க வேண்டும், இறக்கிய பிறகு வெறும் லாரியை ஒரு தரம் நிறுக்க வேண்டும், கழித்தால் குலையின் எடை. இந்தக் கணக்கெல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் போய் உட்காரும். 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்டோன்பிரேக்கர் என்ற பேராசிரியர் தொடங்கியது, இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிறவர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். காசு கொடுக்க வேண்டாம், உள்ளே இருப்பதையும் பிரித்துப் பார்க்கலாம்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தக் கணினியின் டிஸ்க் செத்துப்போனது. நான் பதறவில்லை. தினம் ராத்திரி பிஜி-டம்ப் என்ற கட்டளையால் நகல் எடுத்து வைக்கிறவன் அல்லவா? புதுக் கணினியில் நகலை ஏற்றினேன். திரை முழுக்க ஒரே பிழைச் செய்தி, இந்தப் பேரில் ஆள் இல்லை, அந்தப் பேரில் ஆள் இல்லை என்று. எடைக் கணக்கு ஒன்றும் போகவில்லை, எல்லாம் வந்துவிட்டது. ஆனால் யார் உள்ளே வரலாம், யார் எதைத் தொடலாம் என்ற பயனர் பட்டியல் வரவில்லை. தரவுத்தளம் தராசு மென்பொருளையே உள்ளே விட மறுத்தது. வெளியே சாலை வரைக்கும் லாரி வரிசை. வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் புளிப்பு ஏறும், விலை இறங்கும். ஒரு பெரியவர் சன்னலில் தலையை நீட்டி, "தம்பி, கொட்டை உதிருதுப்பா" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பிறகுதான் பிஜி-டம்ப் பற்றிய ஆவணத்தைத் திறந்தேன். விளக்கம் தொடங்கிய கொஞ்சத்திலேயே இருக்கிறது: இது ஒரே ஒரு தரவுத்தளத்தை மட்டும் நகலெடுக்கும், பயனர்கள் போல எல்லாத் தரவுத்தளங்களுக்கும் பொதுவானவை வேண்டுமானால் பிஜி-டம்ப்-ஆல் என்ற கட்டளையைப் பயன்படுத்து. எத்தனை வருடமாகவோ அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. படிக்காதது நான். ஞாபகத்திலிருந்து பயனர்களை ஒவ்வொன்றாக உண்டாக்கி, மத்தியானத்துக்குள் தராசை ஓட்டிவிட்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த வாக்கியத்தை எழுதியவர் யார், எங்கே உட்கார்ந்து எழுதினார் என்று ஒரு யோசனை. இணையத்தில் பார்க்கிற பக்கத்துக்கு அடியில் மூலக் கோப்பு ஒன்று இருக்கும் என்பதே அன்றைக்குத்தான் உறைத்தது. அப்படி உள்ளே போனவன்தான், இன்னும் வெளியே வரவில்லை.

போஸ்ட்கிரெஸின் நிரலும் ஆவணமும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. டாக் என்ற கோப்புறைக்குள் எஸ்ஆர்சி, அதற்குள் எஸ்ஜிஎம்எல். அங்கே அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு, கட்டளைக்கு ஒரு கோப்பு. கட்டளைக் கோப்பு ஒன்றை எழுதினால் இணையப் பக்கமும் அதிலிருந்தே வரும், கட்டளை தட்டும் டெர்மினல் திரையில் 'மேன்' என்று தட்டினால் வரும் பக்கமும் அதிலிருந்தே வரும். பிழை எண் பட்டியல் இன்னும் ஒரு படி மேலே: ஒரே ஒரு பட்டியல்தான், நிரலுக்குத் தேவையான வடிவமும் ஆவணத்தின் பின்னிணைப்பு அட்டவணையும் அதிலிருந்தே தானாகப் பிறக்கின்றன. தோட்டத்துக் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்த உன் அப்பாவின் செக்ரோல் ஞாபகம் வந்தது. காலையில் ஆள் கூட்டும் பெரட்டில் பேர் கூப்பிட்டுக் குறித்த அந்த ஒரே புத்தகத்திலிருந்துதானே சம்பளமும் போகும், பிடித்தமும் போகும்?

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. செக்ரோலில் தப்பு விழுந்தால் கிராணி ஐயா அழிக்கமாட்டார். சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் குட்டியாகக் கையெழுத்துப் போடுவார். கீழே இருப்பதும் படிக்கிற மாதிரி தெரியும். இங்கே அந்த வேலையைக் கிட் என்ற மென்பொருள் செய்கிறது. எந்த வரியை எந்த நாளில் யார், ஏன் மாற்றினார் என்று பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம்.

நீ முப்பது வருடம் கட்டுரை நோட்டு திருத்தியவன், ஆகையால் இது உனக்குப் பிடிக்கும். மூலக் கோப்பில் எழுத்து தடிமனா சாய்வா என்று யாரும் எழுதுவதில்லை. இது பத்தி, இது கட்டளை, இது கோப்பின் பேர், இது பயனர் தட்டச்சிட வேண்டியது என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் குறி போட வேண்டும். எப்படித் தெரிய வேண்டும் என்பது கடைசியில் வேறொரு இடத்தில் முடிவாகும். எழுவாய், பயனிலை என்று அடிக்கோடு போடச் சொல்வாயே, கிட்டத்தட்ட அதுதான்.

முதல் தரம் நான் ஒரு பத்தியைத் திறந்துவிட்டு மூட மறந்தேன். 'மேக் செக்' என்று சோதித்தால் எங்கோ கீழே ஒரு வரியைக் காட்டி, இங்கே குறி பொருந்தவில்லை என்றது. அந்த வரியைக் கால் மணி நேரம் முறைத்துப் பார்த்தேன், அதில் ஒரு குற்றமும் இல்லை. கதவைப் பூட்டாமல் விட்டது ஒரு வீட்டில், சத்தம் கேட்டது அடுத்த லயத்தில். அதைச் சரிசெய்தால், டேப் விசையால் இடம் விட்டிருக்கிறாய், ஆகாது என்றது. உன்னைவிடக் கறாரான வாத்தியார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். அந்தக் கோப்புகள் எல்லாவற்றின் பேரும் எஸ்ஜிஎம்எல் என்று முடியும், அது குறி போடும் பழைய முறை. திறந்து பார்த்தால் உள்ளே அதன் வாரிசான எக்ஸ்எம்எல். 2017-இல் மொத்தத்தையும் எக்ஸ்எம்எல்லாக மாற்றிவிட்டார்கள், பேரை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். நான் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நம் தென்னமரம் தோட்டம் மாதிரி இல்லை? பலகையில் தென்னை, உள்ளே செம்பனை. அதுவும் நேற்று நட்ட செம்பனையா? 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவிலேயே முதல் முதலாக வணிகத்துக்குச் செம்பனை போட்டது அங்கேதானே. நூறு வருடத்துக்கு மேலே ஆகியும் பேர் தென்னமரம்தான். ஆங்கிலப் புத்தகங்களில் சிலர் கடைசியில் 'ம்' போடுகிறார்கள், சிலர் 'ன்' போடுகிறார்கள். தேடுகிறவன் இரண்டையும் தேட வேண்டியிருக்கிறது.

ஆவணத்தில் தலைப்பு வேறு, அடையாளம் வேறு. ஒவ்வொரு பகுதிக்கும் யார் கண்ணுக்கும் சட்டென்று படாத ஓர் அடையாளப் பேர் இருக்கும். வேறு இடத்திலிருந்து அந்தப் பகுதியைச் சுட்ட வேண்டுமானால் எக்ஸ்ரெஃப் என்ற குறியில் இந்த அடையாளத்தை மட்டும் கொடுத்தால் போதும், தலைப்பைத் தானே எடுத்து நிரப்பிக்கொள்ளும். ஆகவே தலைப்பை எத்தனை தரம் வேண்டுமானாலும் அழகுபடுத்தலாம். அடையாளத்தில் கை வைத்தால் வெளியே எங்கெங்கோ யார் யாரோ குறித்து வைத்த இணைப்புகள் அறுந்துபோகும். 2007-இல் நம் ஊருக்குப் புதுத் தலைப்பு வைத்தார்களே, பெஸ்தாரி ஜெயா. நல்ல பேர்தான். ஆனால் கோலாலம்பூரில் இருக்கிற என் சித்தியிடம் பெஸ்தாரி ஜெயா என்றால், அது எங்கே இருக்கிறது என்பார். பத்தாங் என்றால் உடனே, பாட்டி வீடா என்பார்.

பேரை மாற்றாமலும் இருக்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். போஸ்ட்கிரெஸில் பிஜி-எக்ஸ்லாக் என்று ஓர் உள் கோப்புறை இருந்தது. தரவுத்தளத்தில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் முதலில் அங்கேதான் எழுதப்படும், உயிர்நாடி. பேரில் 'லாக்' என்று இருந்ததால், டிஸ்க் நிரம்பும்போது இது பழைய பதிவுக் குப்பை என்று நினைத்துச் சிலர் அழித்துவிட்டார்கள். கதை முடிந்தது. அதனால் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் அதைப் பிஜி-வால் என்று மாற்றினார்கள். அந்தப் பேர் ஒட்டியிருந்த கருவிகளின் பேரும் கூடவே மாறியது. 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பில் ரெக்கவரி கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பையே எடுத்துவிட்டார்கள்.

சரி, பழைய பேரைத் தேடி வருகிறவன் கதி? அதற்கென்றே ஆவணத்தின் கடைசியில் ஒரு பின்னிணைப்பு வைத்திருக்கிறார்கள், வழக்கொழிந்தவை, பேர் மாறியவை என்று. ஒவ்வொரு பழைய பேருக்கும் ஒரு குட்டிப் பக்கம். நீ தேடுவது இங்கே இருந்தது, இப்போது இந்தப் பேரில் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். பழைய இணைப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவன் வெட்டவெளியில் நிற்காமல் அங்கே வந்து சேருவான். நான் அந்தப் பக்கங்களை ஒரு ராத்திரி முழுக்கப் படித்தேன். படிக்க அதில் ஒன்றுமே இல்லை, மூன்று நான்கு வரிதான். வீட்டுக்காரி உன் வீட்டுக்காரியிடம் சொன்ன ராத்திரி அதுவாகத்தான் இருக்கும்.

நானும் ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறேன். எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டேன், ஆவணத்தில் ஏறினால் சொல்கிறேன். என் திங்கட்கிழமை அனுபவத்தை வைத்துப் பதினொரு வரி எழுதினேன், உன் வாயால் பாராட்டு வாங்குகிற மாதிரியான ஆங்கிலத்தில். இரண்டு நாளில் முகம் தெரியாத ஒருவர் மரியாதையாகப் பதில் போட்டார். இதே விஷயம் வேறோர் அத்தியாயத்தில் இருக்கிறது, இரண்டு இடத்தில் சொன்னால் ஒன்று மாறும்போது இன்னொன்று பழசாகி நிற்கும், அங்கே ஓர் இணைப்புக் கொடுத்தால் போதாதா என்று. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு வாரம் அந்தக் கோப்பைத் திறக்கவேயில்லை. அப்புறம் யோசித்தால் அவர் சொன்னது நியாயம். ஒவ்வொரு பெரிய பதிப்பையும் ஐந்து வருடம் பராமரிக்கிறார்கள், வருடத்துக்கு ஒன்று வருகிறது, ஆக எந்த நேரமும் ஐந்து பதிப்பு உயிரோடு இருக்கும். ஆவணத்தில் தப்பு என்றால் அது இருக்கிற பதிப்புகளிலெல்லாம் திருத்த வேண்டும். என் பதினொரு வரியை ஐந்து வீட்டில் வைத்துச் சோறு போடப்போவது நானா, அவரா? இப்போது என் திருத்தம் ஒரே ஒரு வரி, அதிலும் பாதி எக்ஸ்ரெஃப். வருடத்துக்கு ஐந்து தரம் இப்படி வந்த திருத்தங்களைக் கூடிப் பார்க்கும் தவணை உண்டு. அடுத்த தவணைக்குக் காத்திருக்கிறேன்.

ஏறினால், பதிப்புக் குறிப்பின் கடைசியில் உதவியவர்கள் பட்டியலில் என் பேர் வரலாம். தமிழில் வராது. பிடிஎஃப் எழுத்துருக்களின் வரம்பால் அந்தக் கோப்புகளில் லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துத் தொகுப்புக்குள் அடங்கும் எழுத்தைத்தான் வைக்கிறார்கள், நம் எழுத்து அதில் இல்லை. என் பேரில் இருக்கிற ழகரத்துக்கு என்ன எழுத்துப் போடுவது என்று இப்போதே கவலைப்படுகிறேன். பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீ சொல், இசட்-எச் போடவா, எல் போடவா?

இதெல்லாம் போக, உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. நம் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பலகையில் ஒரு பேர், நம் சனங்கள் வாயில் ஒரு பேர் இருந்ததல்லவா? துரையின் பேரில் ஒன்று, வாசலில் நின்ற மரத்தின் பேரில் ஒன்று. ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். இடது பக்கம் வாய்ப்பேர், வலது பக்கம் இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பது. வீடமைப்பாக மாறியதும் உண்டு, ஈயக்குளத்தோடு போனதும் உண்டு. இதுவரை பதினான்கு சேர்ந்திருக்கின்றன. கேட்டுத் தெரிந்துகொள்ளப் பெரியவர்கள் இங்கே குறைந்துவிட்டார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், பால் மரம் (ரப்பர்) வெட்டிப் போட்டுச் செம்பனை நட்டார்களே ஒரு டிவிஷன், அதற்கு உன் அம்மா ஒரு பேர் சொல்வார்கள். 'கொட்டாய்' என்று முடியும். முதல் பாதி எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. அம்மாவிடம் கேட்டு எழுது. அவர் தூங்கி எழுந்து பசியாறிய பிறகு கேள், அப்போதுதான் ஞாபகம் தெளிவாக இருக்கும் என்று நீதான் சொன்னாய். அப்படியே கிராணி ஐயாவின் செக்ரோல் ஏதாவது அலமாரியில் மிச்சம் இருந்தால், தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கொண்டு வா. சிவப்பு மையை ஒரு தரம் பார்க்க வேண்டும்.

உன்
குள்ளன்